பல்லுப் புடுங்கியும் சிதல் நிக்குதில்லை, இன்னொரு கோர்ஸ் அன்டிபயோட்டிக் போடுறதா?

வெள்ளவத்தைக்காத்து:
வணக்கம் எல்லாருக்கும். கீழ் வலப்பக்கக் கொடுப்புப் பல்லு ஒண்டு, கன வருசத்துக்கு முதல் ரூட் கனல் செய்தது, பிறகு உடைஞ்சு போச்சு, போன மாசம் ஒரு பிரைவேட் கிளினிக்கில புடுங்கினவை. லேசில வரேல்ல, துண்டு துண்டாத்தான் எடுத்தவர். முதல் கிழமை நல்ல நோ, கன்னம் வீங்கினது, அமொக்சிசிலின் தந்தவர், அது குடிக்க வத்திட்டுது. மருந்து முடிஞ்சு கொஞ்ச நாளில திரும்ப அந்த இடத்தில ஒரு நாத்தம், காலமை எழும்பினா வாயெல்லாம் ஒரு உப்புக் கசப்பு, முரசை விரலால அமத்தினா மஞ்சளா கொஞ்சம் சிதல் வருது. பெரிய நோ இல்லை, மந்தமான ஒரு உளைவு, சில நேரம் காதுப்பக்கம் இழுக்குது. காய்ச்சல் இல்லை. திரும்பப் போய்க் கேட்டதுக்கு ‘அது ஆறும், உப்புத்தண்ணியால கொப்பளியுங்கோ’ எண்டு அனுப்பிட்டினம், எக்ஸ்ரே ஒண்டும் எடுக்கேல்ல. வீட்டுக்குக் கீழ இருக்கிற பாமசியில அதே மருந்தை இன்னொரு கார்ட் வாங்கிப் போட்டாச் சரிவருமா, இல்லாட்டி வேற எங்கையும் காட்டவேணுமா? ஒபிஸில லீவு எடுக்கிறது பெரிய கரைச்சல், அதுதான் கேக்கிறன்.

கொட்டாஞ்சேனை கடலை:
நாத்தம்னா மீட்டிங்ல மாஸ்க் போட்டுட்டு இரு மச்சான், யாரும் கேட்டா டஸ்ட் அலர்ஜின்னு சொல்லு 😄 சரி சரி பகிடி விடல, போய் காட்டு.

சித்தப்பா65:
தம்பி, கராம்பை நல்லா இடிச்சு அந்தக் குழியில வையும். மேல வெதுவெதுப்பா உப்புத்தண்ணி. எங்கட காலத்தில புடுங்கிப்போட்டு அடுத்த நாள் கந்தோருக்குப் போனனாங்கள், இப்ப எல்லாத்துக்கும் குளிசை. ஒண்டு மட்டும் கேக்கிறன், உமக்குச் சீனி பாத்தனீரோ? எனக்கு இப்பிடித்தான் ஒரு பல்லு ஆறாமலே கிடந்தது, கடைசியில பாத்தா சீனி ஏறிப்போய் இருந்தது. அது இறங்கின பிறகுதான் குழி மூடினது.

வெள்ளவத்தைக்காத்து:
சீனி பாக்கேல்ல ஐயா, முப்பது தாண்டி கொஞ்சம்தான். வீட்டில அப்பாவுக்கு இருக்கு.

சித்தப்பா65:
அப்பாவுக்கு இருந்தா வயசைப் பாக்காம நாளைக்கே வெறும் வயித்தில குடுத்துப் பாரும்.

பல்லுக்காரன்:
நான் பல் டொக்டர்தான், அரசாங்க வேலை, பேர் வேணாம். வாயைப் பாக்காம வைத்தியம் சொல்ல ஏலாது, ஆனா சிலது பொதுவா எல்லாரும் தெரிஞ்சிருக்க வேண்டியது, கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கொள்ளுங்க.

முதல்ல, புடுங்கின குழியில வெள்ளையா மஞ்சளா ஒரு படை தெரியும், கண்ணாடியில பாத்திட்டு எல்லாரும் சிதல் எண்டு பயந்து வாறது. அது ஆறுறதுக்கான படை, சிதல் இல்லை, அதைச் சுரண்டாதீங்க. மேல் தோல் மூட 3, 4 கிழமை எடுக்கும், உள்ள எலும்பு நிரம்ப மாசக்கணக்கு. அதால ‘குழி இன்னும் தெரியுது’ எண்டது மட்டும் வருத்தம் இல்லை.

அடுத்தது ட்ரை சொக்கட். புடுங்கி 2, 3 நாளில குழியில உறைஞ்ச இரத்தக்கட்டி கழண்டு எலும்பு வெளிச்சிடும், அப்ப வாற நோ சாதாரண நோ இல்லை, காது, பொறி எல்லாம் இடிக்கும், பனடோலுக்கு அடங்காது, நாத்தமும் இருக்கும். சிகரெட் குடிக்கிறவைக்குக் கூடுதலா வரும், கர்ப்பத்தடை குளிசை எடுக்கிற பெண்களுக்கும் அப்பிடித்தான், கீழ் ஞானப்பல்லுக்குத்தான் அதிகம். இது உண்மையில கிருமித்தொற்று இல்லை, அதால அன்டிபயோட்டிக் போட்டு அந்த நோ போகாது. குழியைக் கழுவி உள்ள ஒரு மருந்து வைப்பம், பெரும்பாலும் அண்டைக்கே ஆள் சிரிச்சுக்கொண்டு போகும். ஐயா சொன்ன கராம்பில இருக்கிற யூஜினோல்தான் அந்த மருந்திலயும் இருக்கு, ஆனா இடிச்ச கராம்புத் தூளைத் திறந்த குழிக்குள்ள அடைஞ்சா அந்தத் தூளே உள்ள தங்கி ஊறும். சுத்தமான கராம்பெண்ணெய் சதையைச் சுடும். வேண்டாம்.

மூண்டாவதுதான் வெள்ளவத்தைக்காத்து சொல்றது. நோ குறைஞ்சு, மருந்து நிப்பாட்டத் திரும்ப வந்து, அமத்தினா சிதல் வருது எண்டா உள்ள ஏதோ ஒண்டு இருந்து திரும்பத் திரும்பக் கிருமி வளர இடம் குடுக்குது. உடைஞ்சு வந்த பல்லெண்டா முதல் சந்தேகம் மிஞ்சின வேர் நுனி. இல்லாட்டி எலும்பில பிளந்த ஒரு சில்லு, பழைய ரூட் கனல் வேருக்குக் கீழ இருந்த சதைக்கட்டி சுரண்டாம விட்டது, சிலவேளை குத்தவாளி பக்கத்துப் பல்லாக்கூட இருக்கும், அதின்ர சிதல் இந்தக் குழியால வெளிய வரும். செத்த எலும்புத்துண்டுக்கும் வேர்த்துண்டுக்கும் இரத்த ஓட்டம் இல்லை. நீங்க முழுங்குற மருந்து இரத்தத்திலதான் போகும். அங்க அது போய்ச் சேராது. சுத்தி இருக்கிற வீக்கத்தை வத்தப்பண்ணும், ஆள் சுகம் எண்டு நினைக்கும், பிறகு அதே கதை. கால்ல முள்ளு நிக்க மேல களிம்பு பூசுற மாதிரித்தான்.

அதால இன்னொரு கார்ட் வாங்குற காசை மிச்சம் பிடிச்சு ஒரு எக்ஸ்ரே எடுங்க. அந்தப் பல்லு இருந்த இடத்துக்குச் சின்ன எக்ஸ்ரே போதும், தேவையெண்டா ஓபிஜி, அதாவது தாடை முழுக்க ஒரே படத்தில தெரியிற பெரிய எக்ஸ்ரே.

ஹட்டன் ரயில்:
நான் பாமசியில வேல செய்றேங்க, எந்த ஏரியான்னு சொல்ல மாட்டேன் 🙂 டொக்டர் சொன்னதுக்கு மேல ஒன்னு. நம்ம நாட்டுல டொக்டர் எழுதின துண்டு இல்லாம அன்டிபயோட்டிக் குடுக்கக்கூடாதுன்னுதான் சட்டம், ஆனா தெனமும் சாயங்காலம் வேல விட்டு வர்றவங்க ‘பல்லுக்கு ரெண்டு கெப்சூல் குடு’ன்னு கேட்டு நிப்பாங்க. ரெண்டு! அது ஒரு நாளைக்குக்கூட காணாது. குடுக்கலன்னா பக்கத்து கடைக்குப் போறேன்னு கோவம். அரைகுறையா போட்டு போட்டு கடைசியில மருந்துக்கே அடங்காத கிருமி உருவாகும், அப்புறம் அமொக்சிசிலின் வேல செய்யலன்னு அடுத்த பெரிய மருந்து.

பென்சிலின் அலர்ஜி இருக்கிறவங்க அத டொக்டர்கிட்டயும் பாமசியிலயும் வாய் தொறந்து சொல்லுங்க. பல்லுக்குக் குடுக்குற இன்னொரு அன்டிபயோட்டிக் மெட்ரோனிடசோல், அத எழுதியிருந்தா அது முடியிற வரைக்கும், முடிஞ்சு ரெண்டு நாளைக்கும் சாராயம் பியர் தொடாதீங்க, வாந்தி, படபடப்பு வரலாம்னு மருந்துலயே போட்டிருக்கு. அந்த மருந்துல வாய் தகரம் நக்குன மாதிரி கசக்கும், அது வழமைதான், பயந்து பாதியில நிப்பாட்டாதீங்க. இரத்தம் கரைக்கிற வாஃபரின் எடுக்குறவங்க கட்டாயம் சொல்லணும், ரெண்டும் சேர்ந்தா இரத்தம் நிக்காம போகலாம்.

தெமட்டகொட உம்மா:
இதுல ஒண்டு சொல்ல மறந்துட்டீங்க. டெங்கு. எங்கட மகன் பல்லுப் புடுங்கி ஒரு கிழமையில காய்ச்சல், நாங்க எல்லாரும் பல்லால தான்னு நெனச்சி நோவுக்குப் போடுற டிக்ளோஃபினெக் குடுக்கப் போனோம், பக்கத்து வீட்டு நேர்ஸ் மிஸ் தான் கையப் புடிச்சாங்க. மொதல்ல இரத்தம் பாருங்கன்னு. பாத்தா டெங்கு. அல்ஹம்துலில்லா தப்பிச்சான்.

ஹட்டன் ரயில்:
ரொம்ப முக்கியமான விஷயம் உம்மா. மழ பேஞ்ச நேரம் கொழும்புல காய்ச்சல்னாலே மொதல்ல டெங்குவ நெனைக்கணும். டெங்கு இல்லன்னு தெரியிற வரைக்கும் இபுப்ரோஃபென், டிக்ளோஃபினெக், மெஃபனமிக், அஸ்பிரின் எதுவும் வேணாம், வயித்துல இரத்தம் கசியும். பனடோல் மட்டும். அதுவும் 500 மில்லிகிராம் குளிச பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 8க்கு மேல போகக்கூடாது, ஈரல் நோய் இருந்தா, ஆள் மெலிவுன்னா அதவிடக் கொறைய. பனடோல்ல இருக்குற அதே பரசெட்டமோல் தடிமன் குளிசையிலயும் கலந்திருக்கும், ரெண்டையும் சேத்து போட்டுட்டு கணக்க மறந்துடுவாங்க.

சித்தப்பா65:
அஸ்பிரினை முரசில வச்சா நோ நிக்கும் எண்டு எங்கட ஆச்சி வைப்பா.

பல்லுக்காரன்:
ஐயா, அப்பிடி வச்சு முரசு வெள்ளையா வெந்துபோய் வாறவையை நான் இப்பவும் பாக்கிறன். முழுங்குற மருந்து அது, வைக்கிற மருந்து இல்லை.

நீலக்குடை:
மேல் பல்லு புடுங்கினவங்களுக்கு வேற ஒரு கூத்து இருக்கு, அதையும் சொல்லி வைக்கிறன். எனக்கு மேல் கடவாய்ப்பல் எடுத்து ஒரு கிழமைக்குப் பிறகு தேத்தண்ணி குடிக்கக் குடிக்க மூக்கால வந்தது 😭 ஒபிஸ் கன்டீன்ல, எல்லாரும் பாத்துட்டு இருக்க. நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டன். அந்தப் பல்லுட வேர் சைனஸ் அறைக்கு கிட்ட இருந்திருக்கு, புடுங்கும்போது ஓட்டை விழுந்துட்டு, வாயில இருக்கிறதெல்லாம் மேல போய் சைனஸ் முழுக்க சிதல், கன்னம் பாரம், ஒரு பக்க மூக்கால மட்டும் நாத்தமா வடியும். நான் பாட்டுக்கு பீனிசம்னு ஆவி பிடிச்சிட்டு இருந்தன். கடைசியில வாட் பிளேஸ் பல் ஆஸ்பத்திரியிலதான் முரசை இழுத்து மூடித் தைச்சாங்க. மூக்கைச் சீறக்கூடாது, தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மணும், ஸ்ட்ரோவால உறிஞ்சக்கூடாதுன்னு ஒரே கட்டுப்பாடு. ஆனா அதோட சரி.

வெள்ளவத்தைக்காத்து:
நன்றி எல்லாருக்கும். நீலக்குடை, வாட் பிளேஸுக்குப் போறதெண்டா என்ன நடைமுறை? பெரிய கியூ எண்டு கேள்விப்பட்டன். ஒரு நாள் முழுக்கப் போயிடுமோ?

நீலக்குடை:
தேசிய பல் வைத்தியசாலை, கொழும்பு 7, கண் ஆஸ்பத்திரிச் சந்தியில இருந்து கிட்டத்தான், வெள்ளவத்தையில இருந்து பிக்மீ டாக்சி போட்டா காலமை டிராஃபிக்குக்கு முன்ன லேசாப் போயிடலாம். ஓபிடியில நம்பர் எடுக்கணும், வெள்ளனப் போனா நல்லம், பிந்திப் போனா சனம். காசு இல்லை, இலவசம். ஒரு நாள் போகும்தான், பொய் சொல்ல மாட்டன், ஆனா அங்க பாக்குறவங்க, எக்ஸ்ரே, சேர்ஜரி எல்லாம் ஒரே கட்டடத்துக்க இருக்கு. உங்களுக்கு சிங்களம் ஓடாட்டி ஒரு துண்டில எழுதிட்டுப் போங்க, எந்தப் பல்லு, புடுங்கின திகதி, என்ன மருந்து எத்தினை நாள், என்ன அலர்ஜி. எனக்கு அந்தத் துண்டுதான் பாதி வேலையைச் செய்தது. போயா (பௌர்ணமி) லீவு நாளைப் பாத்து நாளைத் தெரிவு செய்யுங்க.

கொட்டாஞ்சேனை கடலை:
லீவுக்கு பயந்து பல்ல வச்சிட்டு இருக்காத மச்சான். மெடிக்கல் எடுத்தா மேனேஜர் என்ன கடிச்சா திங்கப் போறான்.

பல்லுக்காரன்:
கியூவில நிக்கலாமா கூடாதா எண்டதுக்கு ஒரு எல்லை இருக்கு, அதை மட்டும் சொல்லிட்டுப் போறன். வீக்கம் கன்னத்தைத் தாண்டி தாடைக்குக் கீழ, கழுத்துப்பக்கம் இறங்குதா, நாக்கு மேல தள்ளுப்படுதா, எச்சிலை முழுங்க ஏலாம வடியுதா, குரல் மாறுதா, வாய் ரெண்டு விரல் நுழையுற அளவுக்கும் திறக்க ஏலாமப் போகுதா, மேல் பல்லெண்டா கண் மூடுற மாதிரி வீங்குதா, இதில ஒண்டு இருந்தாலும் நம்பர், பிரைவேட் டொக்டருக்கு சனல் பண்ணி நேரம் எடுக்கிறது, ‘காலமை பாப்பம்’ ஒண்டும் இல்லை. இரவெண்டாலும் நேர தேசிய வைத்தியசாலை, இல்லாட்டி கிட்ட இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி. 1990க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாம வரும். வாயடியில பரவுற அந்தத் தொற்றுக்கு லுட்விக் அஞ்சைனா எண்டு பேர், 1836ல ஜெர்மன் டொக்டர் லுட்விக் விவரிச்சு எழுதினது, அந்தக் காலத்தில வந்தவை பெரும்பாலும் செத்தவை, காரணம் மூச்சுவழி அடைபடும். இப்பவும் பிந்தினா ஆபத்துத்தான். பல்லால ஆரா சாவினம் எண்டு நினைக்கிறவைக்காகத்தான் எழுதுறன்.

காத்துக்கு இப்ப அது ஒண்டும் இல்லை, அதால பதற வேணாம், தள்ளிப்போடவும் வேணாம். போற வரைக்கும் ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணியில அரைத் தேக்கரண்டி உப்பு, சாப்பிட்ட பிறகு மெதுவாக் கொப்பளியுங்க. பக்கத்துப் பல்லுகளை பிரஷ் பண்ணாம விடாதீங்க, நோகும் எண்டு விடுறதால இன்னும் ஊத்தை சேரும். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பான் பாவிக்கலாம், கன நாள் பாவிச்சாப் பல்லு மண்ணிறமாகும், அது சுத்தம் பண்ணப் போகும். விரலால அமத்தி அமத்திப் பாக்கிறதை விடுங்க தயவுசெய்து.

தெமட்டகொட உம்மா:
கஞ்சி, இடியப்பம் சொதி ஊத்தி, யோகட், பப்பாசி, இதெல்லாம் சாப்பிடுங்க மகன். முறுக்கு, கடலை வேணாம், கடலை தம்பி கோவிச்சிக்கிட்டாலும் பரவால்ல.

கொட்டாஞ்சேனை கடலை:
உம்மா 😂😂

வெள்ளவத்தைக்காத்து:
போயிட்டு வந்திட்டன், விபரம் சொல்றன், பிறகு தேடி வாற ஆக்களுக்கு உதவும். காலமை வெள்ளனப் போனது, எக்ஸ்ரேயில பின் வேரின்ர நுனி ஒரு சின்னத் துண்டு நிக்குது, அதைச் சுத்தி எலும்பில ஒரு கறுப்பு நிழல். டொக்டர் பிள்ளை படத்தை வெளிச்சத்தில பிடிச்சு எனக்கும் காட்டி விளங்கப்படுத்தினவ. சின்ன வேர்த்துண்டு சுத்தமா இருந்தா, நரம்புக்குக் கிட்ட எண்டா, சிலவேளை வேணுமெண்டே விடுறதாம், நோண்டினா உதடு விறைச்சுப் போகலாம் எண்டபடியா. என்ர துண்டில கிருமி இருந்தபடியா எடுக்கத்தான் வேணும் எண்டு சேர்ஜரிக்கு இன்னொரு நாள் தந்தவை. விறைக்கிற ஊசி போட்டு, முரசைத் திறந்து, துண்டை எடுத்து, உள்ள சதையைச் சுரண்டி, சேலைனால கழுவித் தையல். ஊசி மட்டும்தான் நொந்தது, மிச்சம் சத்தமும் இழுவையும்தான், அந்தச் சுரண்டுற சத்தம் மண்டைக்குள்ள கேக்கும், பயந்த ஆக்கள் முதலே தெரிஞ்சுகொண்டு போங்கோ. உதடு ரெண்டு மூண்டு மணித்தியாலம் விறைச்சு இருந்து வந்திட்டுது. எடுத்த சதையை லாப்புக்கு அனுப்பினவை, வழமையான பரிசோதனையாம். தையல் வெட்டியாச்சு, நாத்தமும் இல்லை அந்த ருசியும் இல்லை.

சித்தப்பா ஐயாவுக்கு ஒரு தகவல். வெறும் வயித்தில சீனி 118.

சித்தப்பா65:
நான் சொன்னனான்.

பல்லுக்காரன்:
126க்குக் கீழ, அதால நீரிழிவு எண்டு சொல்ல ஏலாது, ஆனா 100க்கு மேல இருக்கு, விளிம்பு. கடைசி ரெண்டு மூண்டு மாசச் சீனியின்ர சராசரியைக் காட்டுற எச்பீஏவன்சீ எண்ட இரத்தப் பரிசோதனை ஒண்டு செய்து உங்கட பொது வைத்தியரிட்டக் காட்டுங்க. சீனி கூடினா புண் ஆறப் பிந்தும், முரசு வருத்தம் இருந்தா சீனியும் அடங்காது, ரெண்டும் ஒண்டை ஒண்டு இழுக்கும். எலும்பு நிரம்பின பிறகு அந்த இடத்துக்குப் பல்லு வைக்கிறதைப் பற்றிக் கதைக்கலாம், இப்ப அவசரம் இல்லை.

மொட்டைமாடி:
இந்த இழைய இப்பதான் பாத்தேன், டொக்டர் இருக்காருன்னா ஒரு கேள்வி. அம்மாவுக்கு எலும்பு தேயுதுன்னு கிழமைக்கு ஒரு தடவ அலண்ட்ரோனேட் 70 குடுக்குறாங்க, நாலஞ்சு வருசமா. இப்ப ஒரு பல்லு ஆடுது, எடுக்கணும்ங்கிறாங்க. அந்த மருந்து குடிக்கிறவங்களுக்கு பல்லு புடுங்கினா தாடை எலும்பு அழுகும்னு யாரோ சொல்லி அம்மா இப்ப மருந்தையே நிப்பாட்டிட்டாங்க.

பல்லுக்காரன்:
முதல்ல மருந்தைத் தானா நிப்பாட்ட வேணாம் எண்டு சொல்லுங்க. அந்த மருந்து எலும்பில வருசக்கணக்கா தங்கும், இண்டைக்கு நிப்பாட்டி நாளைக்குப் பல்லெடுத்தாப் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனா இடுப்பு உடைஞ்சா வயசான ஆள் படுத்த படுக்கைதான். எழுதின டொக்டரும் பல் டொக்டரும் கதைச்சு முடிவெடுக்கட்டும். நீங்க கேள்விப்பட்டது உண்மையில இருக்கிற விசயம்தான், 8 கிழமைக்கு மேல எலும்பு வாய்க்குள்ள வெளிச்சு நிண்டா அதைச் சந்தேகிக்கிறது. ஆனா குளிசையில அது அரிது, புற்றுநோய்க்கு நாளத்தால ஏத்துற சொலெட்ரோனிக் அமிலம் மாதிரி ஊசிகளுக்குத்தான் கூடுதலா வரும். ஆடுற பல்லில சிதல் வச்சுக்கொண்டு இருக்கிறதும் அதே எலும்புக்குக் கூடாது. முகத்தாடைச் சத்திரசிகிச்சை யுனிட் இருக்கிற இடத்தில எடுப்பியுங்க, மருந்து எத்தினை வருசம் எண்டதைச் சரியாச் சொல்லுங்க. ஸ்டீரொயிட் எடுக்கிறவ எண்டா அதையும். அம்மா வெத்திலை போடுறவவா?

மொட்டைமாடி:
போடுவாங்க. வெத்திலைய விடச் சொன்னா என்னத்தான் விட்டுடுவாங்க.

பல்லுக்காரன்:
அப்ப பல்லெடுத்து முரசு மூடுற வரைக்குமாவது நிப்பாட்டட்டும், பாக்குத்தூள் குழிக்குள்ள போய் நிண்டா ஆறாது. வாய் முந்தின மாதிரித் திறக்க ஏலாம இறுகி இருந்தாலோ, கன்னத்துக்குள்ள வெளிறின தழும்பு, ஆறாத புண் ஏதும் இருந்தாலோ அதையும் சேத்துக் காட்டுங்க. பழைய ஓபிஜி படம் வீட்டில எங்கையும் கிடந்தா எடுத்துக்கொண்டு போங்க, எத்தினை வருசப் பழசெண்டாலும் சரி, எலும்பு மாறியிருக்கா எண்டு ஒப்பிட்டுப் பாக்க அதுதான் வேணும்.